எஃப்டி-857டி (யேசு ஹாம் ரேடியோ): தவறான கேட் (கணினி வழிக் கட்டுப்பாடு) கேபிள் செருகியபின் கணினிக்குப் பதில் சொல்லவில்லை. ரேடியோவின் சிபியு போய்விட்டதா?

#1 கம்பிச்சுருள்

பெஞ்சில் ஒரு எஃப்டி-857டி. பின்னால் உள்ள கேட்/லீனியர் ஜாக்கில் (8 பின் மினி டின்) ஒரு கேபிள் செருகப்பட்டு, மறுமுனை டெஸ்க்டாப்பின் 9 பின் சீரியல் போர்ட்டில் மாட்டப்பட்டிருந்தது. "857க்கு ஏற்றது" என்று விற்ற கேபிள். லாகிங் மென்பொருளில் அதிர்வெண் வரவே இல்லை. அதன்பின் இன்னொரு 857இல் நன்றாக ஓடும் யுஎஸ்பி கேபிளைப் போட்டும் அதே கதை.

ரிசீவ் சரி. 40 மீட்டர் பேண்டில், டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சோதனை லோடு) 100 வாட் வருகிறது. டேட்டா ஜாக்கில் ஆடியோ, பிடிடி (ரேடியோவை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் கோடு) இரண்டும் சரி.

சந்தேகக் கேபிளின் 9 பின் மூடியைத் திறந்தால் உள்ளே ஐசி எதுவும் இல்லை, வெறும் வயர்தான். கன்டினியூட்டி பார்த்தது இப்படி:
மினி டின் 3 → 9 பின் கனெக்டரில் 5
மினி டின் 4 → 2
மினி டின் 5 → 3
மினி டின் 1 → சிவப்பு வயர். மூடிக்குள் வெட்டி அப்படியே விடப்பட்டிருக்கிறது, முனையில் இன்சுலேஷன் இல்லை.

ரேடியோவைத் திறக்காமல் எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம்?

#2 ஏழுமெகா

ஓஎம் (நண்பரே), செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் மெனுவைப் பாருங்கள். 857இல் அந்த ஒரே ஜாக் மூன்று வேலை பார்க்கிறது. மெனு 020 (கேட்/லின்/டியூன்) "கேட்" என்று இருக்க வேண்டும். லீனியரிலோ டியூனரிலோ இருந்தால் எந்தக் கேபிளும் பேசாது. மெனு 019 வேகம். 4800 என்று வைத்து, மென்பொருளிலும் அதையே வையுங்கள். 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 2 ஸ்டாப் பிட்.

பிறகு லாகிங் மென்பொருளை மூடிவிட்டு, ஹெக்ஸ் அனுப்பக்கூடிய ஏதாவது டெர்மினலில் இந்த ஐந்து பைட்:

00 00 00 00 03

இது அதிர்வெண்ணையும் மோடையும் கேட்கும் கட்டளை. டயல் 7.100 மெகாஹெர்ட்ஸில், எல்எஸ்பி மோடில் இருந்தால் 00 71 00 00 00 என்று ஐந்து பைட் திரும்பி வரவேண்டும். நாலு பைட் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் ரேடியோவும் ஐந்தாவதுக்காகக் காத்திருக்கும். நிறையப் பேர் இங்கே ஏமாறுகிறார்கள்.

#3 ஓம்விதி

என்ன நடந்திருக்கும் என்பது கன்டினியூட்டியிலேயே தெரிகிறது. அந்தக் கேபிளில் லெவல் கன்வெர்ட்டர் (சிக்னலின் வோல்டேஜை மாற்றும் ஐசி) இல்லை.

டெஸ்க்டாப்பின் 9 பின் போர்ட் ஆர்எஸ்-232. சும்மா இருக்கும்போதே அதன் பின் 3 (அனுப்பும் கோடு) மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை நிற்கும். டேட்டா போகும்போது அதே அளவு ப்ளஸ் பக்கம் தாவும். ரேடியோவின் கேட் ஜாக்கோ 5 வோல்ட் டிடிஎல் (0க்கும் 5க்கும் இடையில் மாறும் சிக்னல்). அங்கே சும்மா இருக்கும் நிலை ப்ளஸ் 5. ஆக வோல்டேஜ் மட்டுமல்ல, தர்க்கமும் தலைகீழ். நேராக இணைத்தால் வேலை செய்யவே வாய்ப்பில்லை. அதிர்ஷ்டம் இருந்தால் கெடாமல் தப்பும், அவ்வளவுதான்.

இரண்டு கோடும் ஒரே ஆபத்தில் இல்லை. ரேடியோவின் டிஎக்ஸ்டி (அனுப்பும் கோடு, பின் 4) கணினியின் உள்வாங்கும் கோட்டுக்குப் போகிறது. அங்கே 5 கிலோ ஓம் அளவு லோடுதான். 5 வோல்ட்டுக்கு 1 மில்லிஆம்பியர், ஒன்றும் ஆகாது. அடி வாங்குவது ஆர்எக்ஸ்டி (வாங்கும் கோடு, பின் 5).

யாரும் எந்தக் கேபிளையும் ரேடியோவில் செருகும் முன் செய்ய வேண்டிய ஒரே அளவு இதுதான்: கேபிளைக் கணினியில் மட்டும் மாட்டி, ரேடியோ முனையில் தரைப் பின்னில் மீட்டரின் கறுப்பு, மற்றப் பின்களில் சிவப்பு. எங்காவது மைனஸ் காட்டினால் அது ஆர்எஸ்-232. டிடிஎல் ரேடியோவில் செருகாதீர்கள். ப்ளஸ் 5 அல்லது ப்ளஸ் 3.3 என்றால் டிடிஎல்.

#4 கம்பிச்சுருள்

020 கேட்டில்தான் இருக்கிறது, வேகம் 4800. ஐந்து பைட்டும் அனுப்பியாயிற்று, பதில் இல்லை. யுஎஸ்பி கேபிளில் மினி டின் பக்கம் 4, 5 இரண்டையும் ஷார்ட் செய்து டைப் செய்தால் எழுத்து திரும்பி வருகிறது. ஆகக் கேபிளும் டிரைவரும் சரி.

டெஸ்க்டாப் பின் 3: மைனஸ் 11.2 வோல்ட். ரேடியோ ஆன் நிலையில் பின் 4: 4.9 வோல்ட். பின் 1: 13.7 வோல்ட்.

#5 சாலிடர்வாசம்

பின் 4இல் 4.9 இருக்குதுன்னா அனுப்புற பக்கம் உயிரோட இருக்கு. கேட்குற பக்கம்தான் செவிடு. இப்ப டயோடு டெஸ்ட் பண்ணுங்க.

ரேடியோ ஆஃப் மட்டும் போதாது, டிசி ப்ளக்கையே கழட்டுங்க. ஆன்டெனா, மைக், எல்லாத்தையும் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. மீட்டர் டயோடு ரேஞ்சுல. சிவப்பு ப்ரோப் ரேடியோ சேசிஸ்ல, கறுப்பு பின் 4ல, அப்புறம் பின் 5ல. தலைகீழா இல்ல, சிவப்புதான் கிரவுண்டுல. அப்பதான் ஐசி பின்னுக்குள்ள இருக்குற கிளாம்ப் டயோடு (வோல்டேஜ் எல்லை மீறாமக் காக்குற டயோடு) தெரியும்.

0.5 முதல் 0.7 வரைக்கும் வந்தா பாதையும் டயோடும் இருக்கு. 0.00க்குப் பக்கத்துல வந்தா ஏதோ ஷார்ட். கோட்டுல இருக்குற கெபாசிட்டரா இருக்கலாம், சிபியு பின்னாவும் இருக்கலாம். ஓபன் லூப் காட்டுனா நடுவுல ஏதோ அறுந்துருக்கு.

மினி டின் ஓட்டைக்குள்ள மீட்டர் ப்ரோப்பைத் திணிக்காதீங்க, பக்கத்துப் பின்னு ஷார்ட் ஆயிடும். ஒரு மெல்லிய தையல் ஊசியில ப்ரோப்பைப் பிடிங்க.

#6 கம்பிச்சுருள்

பின் 4: 0.61. பின் 5: ஓபன். ப்ரோப்பை மாற்றிப் பிடித்தாலும் ஓபன்.

#7 ஓம்விதி

நல்ல செய்தி. ஷார்ட் வந்திருந்தால்தான் கவலை. ஜாக்குக்கும் சிபியுவுக்கும் இடையில் தொடராக நிற்கும் சிப் பாகமோ (பலகையில் ஒட்டிய, ரெசிஸ்டர் போன்ற மிகச் சிறிய பாகம்) பலகைக் கோடோ அறுந்திருக்க வேண்டும். சர்வீஸ் மேனுவலில் ஆர்எக்ஸ்டி கோட்டைப் பிடித்து, ஜாக்கிலிருந்து ஒவ்வொரு பாகமாக உள்ளே போங்கள். அறுந்த பாகத்தின் சிபியு பக்கம் அதே டயோடு டெஸ்ட். அங்கே 0.6 வந்தால் சிபியு பின் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு.

ஆனால் ஒன்று இடிக்கிறது. சீரியல் போர்ட்டின் டிரைவர் ஐசி தன் கரன்ட்டைத் தானே கட்டுப்படுத்தும், சில பத்து மில்லிஆம்பியரைத் தாண்டாது. அதனால்தான் இதே தவறைச் செய்த பல ரேடியோக்கள் தப்பிக்கின்றன. மைனஸ் 11 கொடுத்த 20 மில்லிஆம்பியரில் ஒரு சிப் பாகம் எரிந்து அறுவது கஷ்டம். உதாரணத்துக்கு 100 ஓம் என்று வைத்துக்கொண்டால் வெப்பம் 0.04 வாட்தான்.

அந்தச் சிவப்பு வயரைப் பாருங்கள்.

#8 சாலிடர்வாசம்

அதேதான் நானும் யோசிச்சேன். பின் 1ல 13.8 வோல்ட் எப்பவும் நிக்குது. அந்த வயரோட அம்மண முனை மூடிக்குள்ள 9 பின்னோட 3ம் நம்பர் சாலிடர் கப்பைத் தொட்டுருந்தா, 13.8 நேரா ஆர்எக்ஸ்டிக்குப் போயிருக்கும். அங்க இருந்து மேல் கிளாம்ப் டயோடு வழியா 5 வோல்ட் ரெயிலுக்கு. 13.8ல 5.6 கழிச்சா 8.2 வோல்ட். அதே 100 ஓம்னா 82 மில்லிஆம்பியர், 0.67 வாட். கடுகு அளவு சிப்பு பத்துல ஒரு பங்கு வாட்டுக்குத்தான் செஞ்சது. கண் மூடித் திறக்குறதுக்குள்ள போயிருக்கும். போனதுதான் சிபியுவைக் காப்பாத்திருக்கு.

கப் 3ல, சிவப்பு வயர் நுனியில கருப்புப் புள்ளி இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க.

#9 டம்மிலோடு

இடையில் ஒரு சேர்க்கை. மைனஸ் வோல்டேஜில் ஐசி சாவதற்கு லாட்ச்-அப் என்று இன்னொரு வழியும் உண்டு. பின்னைத் தரைக்குக் கீழே இழுத்தால் சிப்புக்குள் ஒட்டுண்ணியாக இருக்கும் தைரிஸ்டர் ஆன் ஆகி, 5 வோல்ட் சப்ளையும் தரையும் சிப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். சுட்டுப் பொசுக்கும் கரன்ட் அப்போது கணினியிலிருந்து வருவதில்லை, ரேடியோவின் சொந்த ரெகுலேட்டரிலிருந்து வருகிறது. ஆகவே கேபிளை உருவினால் மட்டும் போதாது. டிஸ்ப்ளே உறைந்தாலோ பட்டன் கேட்காவிட்டாலோ உடனே டிசியை வெட்ட வேண்டும். சில நொடிகளில் வெட்டினால் மறுபடி ஆன் செய்யும்போது எழுந்து வருவதும் உண்டு.

#10 ஏழுமெகா

புதுக் கேபிள் செய்வதாக இருந்தால்: 5 வோல்ட் டிடிஎல் யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று, 8 பின் மினி டின் ப்ளக் ஒன்று. எஃப்டிடிஐயின் 5 வோல்ட் டிடிஎல் கேபிள் என்றால் நிறம் இப்படி: ஆரஞ்சு அனுப்புவது, மஞ்சள் வாங்குவது, கறுப்பு தரை, சிவப்பு 5 வோல்ட், பழுப்பும் பச்சையும் ஹேண்ட்ஷேக்.

ஆரஞ்சு → மினி டின் 5
மஞ்சள் → மினி டின் 4
கறுப்பு → மினி டின் 3

சிவப்பு எங்கும் போகக் கூடாது. பழுப்பு, பச்சை வேண்டாம். மினி டின் 1இல் வயரே போடாதீர்கள். ஆரஞ்சிலும் மஞ்சளிலும் தொடராக 1 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. 4800 வேகத்தில் இதனால் ஒரு குறையும் வராது, தவறு நடந்தால் கரன்ட் சில மில்லிஆம்பியரோடு நின்றுவிடும்.

வேறு கம்பெனி கன்வெர்ட்டரில் இந்த நிறங்கள் செல்லாது. மோல்டு செய்த ரெடிமேட் கேபிளை வெட்டினால் இன்னும் மோசம், சிவப்பு தரையாகக்கூட இருக்கும். மீட்டர் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

#11 பழையவால்வு

மினி டின் சாலிடர் செய்பவர்கள் கண்ணாடிப் பிம்பத்தில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. மேனுவலில் உள்ள படம் ரேடியோவின் சாக்கெட்டை வெளியிலிருந்து பார்ப்பது. ப்ளக்கின் சாலிடர் பக்கமும் அதே வரிசையில்தான் தெரியும். ப்ளக்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் படத்தின்படி எண்ணினால் இடம் வலம் மாறிவிடும்.

8 பின்னில் மாறினால் 1உம் 2உம் இடம் மாறும், 3உம் 5உம் மாறும், 6உம் 8உம் மாறும். 4உம் 7உம் நடுவில் இருப்பதால் அசையாது. அதாவது டிஎக்ஸ்டி சரியாக இருக்க, தரையும் ஆர்எக்ஸ்டியும் குறுக்கே போய்விடும். அதனால்தான் "பாதி வேலை செய்கிறது" என்று தோன்றும்.

6 பின் டேட்டா ஜாக்கில் மாறினால் 1-2, 3-4, 5-6. டேட்டா இன் தரையாகும். பிடிடி 9600 ஆடியோ வெளியீட்டில் போய் நிற்கும்.

டேட்டா ஜாக்குக்குப் பழைய பிஎஸ்/2 மவுஸ் வயரை வெட்டிப் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வயர்களில் பெரும்பாலும் 1, 3, 4, 5 மட்டுமே இருக்கும். ரேடியோவுக்குத் தரை பின் 2, அது அங்கே இல்லவே இல்லை. ஷீல்டு வழியாகத் தரை கிடைத்தால் தற்செயலாக ஓடும், ஷீல்டு விட்டால் ஹம் வரும். கனெக்டர் பொருந்துகிறதே என்று கணினியின் மவுஸ் ஓட்டையிலிருந்து நேராக ரேடியோவுக்குப் போட்டால், பிஎஸ்/2 தரை (3) ரேடியோவின் பிடிடியில் (3) உட்காரும். செருகியவுடன் டிரான்ஸ்மிட்.

#12 கோர்வலை

ஓட்டை ஒன்றாக இருந்து உள்ளே வேறாக இருப்பதில் எல்லாவற்றையும் விட மோசமானது 13 பின் டின். ஐகாமின் ஏசிசி (துணைக்கருவி) சாக்கெட்டில் (ஐசி-7300 உட்பட) பின் 8 என்பது 13.8 வோல்ட் வெளியீடு, 1 ஆம்பியர் வரை. கென்வுட்டின் ஏசிசி2வில் அதே பின் 8 தரை. கென்வுட்டுக்குச் செய்த டிஜிட்டல் மோட் கேபிளை ஐகாமில் செருகினால் 13.8 நேராக ஷார்ட். கேபிளில் பெயர் எழுதி ஒட்டுங்கள், எழுத்து அழியாத மார்க்கரில்.

9 பின் சாக்கெட் உள்ள ரேடியோக்கள் 857க்கு நேர்மாறு. கென்வுட் டிஎஸ்-480, டிஎஸ்-2000, யேசு எஃப்டி-450, எஃப்டி-950 இவற்றில் உண்மையான ஆர்எஸ்-232 உள்ளேயே இருக்கிறது. நேர் கேபிள் போதும். இங்கே டிடிஎல் கன்வெர்ட்டரைக் கொடுத்தால் ரேடியோ கெடாது, கன்வெர்ட்டர்தான் மைனஸ் வோல்டேஜில் போகும்.

ஐகாமின் சி-ஐவி (கணினி வழிக் கட்டுப்பாடு) ஜாக் 3.5 மில்லிமீட்டர் மோனோ, ஒரே கோட்டில் போக வர இரண்டும், 5 வோல்ட். அதற்கு ஸ்டீரியோ ஆடியோ ப்ளக்கைச் செருகி சவுண்டு கார்டில் மாட்டியிருப்பதையும் பார்க்கலாம். ரேடியோவுக்கு ஒன்றும் ஆவதில்லை, வேலையும் நடப்பதில்லை.

#13 மாடிஆன்டெனா

7300 மாதிரி நேரடி யுஎஸ்பி உள்ள ரேடியோவில் இந்தத் தொல்லையே இல்லையே சார்? ஒரு பிரிண்டர் கேபிள், முடிந்தது வேலை.

#14 டம்மிலோடு

பின் மாறும் தொல்லை இல்லை. தரையின் தொல்லை உண்டு, அது இன்னும் பெரிது.

100 வாட் ரேடியோ அனுப்பும்போது 20 ஆம்பியர் அளவு இழுக்கும். அது கறுப்பு டிசி வயர் வழியாக பவர் சப்ளைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கறுப்பு வயரின் ஃப்யூஸ் போனாலோ கனெக்டர் தளர்ந்தாலோ ரேடியோ அணையும் என்று நினைக்கிறோம். யுஎஸ்பி மாட்டியிருந்தால் அணையாது. கரன்ட் யுஎஸ்பியின் தரை வயரிலும் ஷீல்டிலும் புகுந்து, கணினியின் கேபினெட், மூன்றாவது பின் எர்த் வழியாகச் சுற்றி பவர் சப்ளையின் மைனஸுக்கு வரும் (மைனஸ் எர்த்தோடு சேர்ந்திருக்கும் சப்ளைகளில்). ரிசீவில் ஓர் ஆம்பியரை அந்த வயர் எப்படியோ தாங்கும். பிடிடி அழுத்தியதும் யுஎஸ்பி சாக்கெட் அருகே பலகைக் கோடு ஆவியாகும். ரேடியோவோடு மதர்போர்டும் போகும்.

சோதனை: யுஎஸ்பியைக் கழற்றி, டம்மி லோடில் எஃப்எம்மில் முழுப் பவர் கொடுத்து, ரேடியோ சேசிஸுக்கும் சப்ளையின் மைனஸ் டெர்மினலுக்கும் இடையில் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 200, 300 மில்லிவோல்ட் என்றால் வயரின் இயல்பான வீழ்ச்சி. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஃப்யூஸ் ஹோல்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் யுஎஸ்பியைத் தொடாதீர்கள்.

வீட்டு சப்ளையில் ஓடும் ரேடியோவுக்கு மைனஸ் வயரில் ஃப்யூஸ் தேவையில்லை என்பது என் கருத்து.

#15 பழையவால்வு

காரில் பேட்டரியிலிருந்து நேராக எடுப்பவர்கள் அதைக் கேட்டு மைனஸ் ஃப்யூஸைத் தூக்கிவிடப் போகிறார்கள். அங்கே இன்ஜினின் தரைப் பட்டை விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் கரன்ட் உங்கள் ரேடியோவின் கறுப்பு வயரைத் தேடி வரும். அதற்குத்தான் கம்பெனி அங்கே ஃப்யூஸ் வைத்திருக்கிறது.

#16 டம்மிலோடு

ஒப்புக்கொள்கிறேன். வீட்டு சப்ளைக்கு மட்டும் சொன்னது.

#17 ஓம்விதி

லேப்டாப்காரர்களுக்கும் ஒன்று. இரண்டு பின் அடாப்டர் என்றால், உள்ளே இருக்கும் ஒய் கெபாசிட்டரால் (மின்கோட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே நிற்கும் இரைச்சல் வடிகட்டி) லேப்டாப்பின் தரை 100 வோல்ட் ஏசி அளவில் மிதக்கும். கையை வைத்தால் சுருக்கென்று எறும்பு கடிக்கும், அதுதான். கரன்ட் மிகக் குறைவு, ஆனால் ரேடியோ எர்த் ஆகியிருக்கும்போது கேபிளைச் செருகும் கணத்தில் அந்தக் கெபாசிட்டரின் சார்ஜ் முதலில் தொடும் பின்னில் இறங்கும். யுஎஸ்பி ப்ளக்கில் தரைப் பின்னை நீளமாக வைத்திருக்கிறார்கள், 3.5 மில்லிமீட்டர் ப்ளக்கில் நுனிதான் முதலில் உள்ளே போகிறது.

வரிசை: அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்று, ரேடியோ ஆஃப், கேபிள் மாட்டு, பிறகு மின்சாரம்.

நிரந்தர ஸ்டேஷனில் தரைகளைப் பிரித்து வைக்க, ஆடியோவில் 600:600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, பிடிடிக்கு பிசி817 ஆப்டோ (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஐசி) ஒன்று. யுஎஸ்பியையே பிரிக்க வேண்டுமென்றால் ஏடியுஎம்4160 ஐசி உள்ள ஐசொலேட்டர் பலகை. அது 12 மெகாபிட் வேகம் வரைதான். ஷீல்டை இரு பக்கமும் சேர்த்துவிட்டால் ஐசொலேட்டர் போட்டும் பயனில்லை.

#18 மாடிஆன்டெனா

பவர் கூட்டினால் யுஎஸ்பி "டொங்" என்று விட்டுப்போவதும் இந்த மாதிரி சேதம்தானா? 5 வாட்டில் ஒன்றும் ஆவதில்லை.

#19 ஏழுமெகா

இல்லை, அது ஆர்எஃப் (ரேடியோ அலை கேபிளில் புகுவது). டம்மி லோடில் 100 வாட் போட்டுப் பாருங்கள். அங்கே விட்டுப்போகாமல் ஆன்டெனாவில் மட்டும் விட்டுப்போனால் கேபிளில் காமன்மோடு கரன்ட் (எல்லா வயரிலும் ஒரே திசையில் ஓடுவது). 31 கலவை ஃபெரைட் வளையத்தில் யுஎஸ்பி கேபிளை ஏழெட்டுச் சுற்று, ரேடியோ முனைக்குப் பக்கத்தில். கோஆக்ஸிலும் ஒரு சோக் வேண்டியிருக்கும்.

சேதம் என்று தவறாக எண்ணும் இன்னும் இரண்டு: யுஎஸ்பி-சீரியல் கேபிளில் பிஎல்2303 போலிச் சிப் இருந்தால் விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் கோட் 10 காட்டும், ரேடியோவுக்கு அதில் பங்கில்லை. மென்பொருளைத் திறந்தவுடன் ரேடியோ தானாக டிரான்ஸ்மிட் ஆனால் சீரியல் போர்ட்டின் ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர் என்ற கட்டுப்பாட்டுக் கோடு பிடிடியில் இருக்கிறது, போர்ட் திறக்கும்போது அது எழுகிறது. அமைப்பில் இரண்டையும் "எப்போதும் ஆஃப்" ஆக்குங்கள்.

#20 கம்பிச்சுருள்

திறந்தாயிற்று. சிவப்பு வயரின் நுனியில் உருகிய மணி, 9 பின்னின் கப் 3 ஓரத்தில் கறுப்புக் கறை. ஊகம் சரி.

ஆர்எக்ஸ்டி கோட்டில் ஜாக்கை அடுத்து ஒரு சிப் பாகம் ஓபன், மேலே மயிரிழை விரிசல். அதன் சிபியு பக்கம் டயோடு டெஸ்ட் 0.60. மேனுவலில் உள்ள அதே மதிப்பில் புதியது வைத்தேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் ஃப்ளக்ஸ், மெல்லிய முனை அயர்ன், ஒரு பக்கத்துக்கு இரண்டு நொடி.

00 00 00 00 03 அனுப்பினால் 00 71 00 00 00 வருகிறது. 38400இலும் சரி.

#21 சாலிடர்வாசம்

சூப்பர். அந்தப் பழைய கேபிளை என்ன பண்ணீங்க? யாராவது எடுத்து மறுபடி செருகிடப் போறாங்க.

#22 கம்பிச்சுருள்

மினி டின் ப்ளக்கை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன், புதுக் கேபிளுக்கு. பின் 1 வயரை அடியோடு நறுக்கி ஹீட் ஷ்ரிங்க் போட்டாயிற்று. 73 (வாழ்த்துகள்).